கூடப் போட்ட தையல்

என் வேலை கிழிப்பது. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால்கூட யாராவது ஒருத்தி, "என்னகா, இண்டைக்கு என்னத்தக் கிழிச்சாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்லுவாள். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு நானும், "உன்ட வாயத் தவிர எல்லாத்தையும்" என்று திருப்பிக் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

ஏறாவூருக்கு இப்பால், வாவிக்கரைப் பக்கமாக ஒதுங்கிய ஒரு கட்டடத்தில் எங்கள் வேலைத்தலம் இருக்கிறது. முன்பு அது ஆடைத் தொழிற்சாலை. கொழும்பில் இருக்கும் ஒரு கம்பெனி, படை விமானங்களையும் ஹெலிகொப்டர்களையும் பராமரிக்கும் ஒப்பந்தத்தை எடுத்து, அதில் துணிச்சாமான் வேலையை மட்டும் எங்களுக்குத் தந்திருக்கிறது. ஒரு ஹெலி பறக்கத் தகுதியானது என்று ஒருவர் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானும் தகுதியானது என்று யாராவது காட்டியாக வேண்டும். எஞ்சினைக் காட்ட எஞ்சினியர்மார் இருக்கிறார்கள். இருக்கைப் பட்டி, சரக்கு வலை, நோயாளியைக் கட்டும் பட்டி, இதையெல்லாம் தைப்பது எங்கள் பெண்கள். அவர்கள் தைத்து முடித்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பட்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இழுவை மெஷினில் மாட்டி, அறுந்து போகும்வரை இழுப்பேன். தாங்க வேண்டிய பாரத்தைத் தாண்டிய பிறகு அறுந்தால் மிச்சமெல்லாம் பறக்கப் போகும். அதற்கு முன்னால் அறுந்தால் ஒன்றும் போகாது.

"அந்த ஹெலிக்கா தைக்கிறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. கேட்பதில் பிழையில்லை. சண்டைக் காலத்தைக் கண்ட என் அம்மா, ஹெலிச் சத்தம் வந்தால் இன்றைக்கும் கைவேலையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்கு நானும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்திருக்கிறேன். இப்போது வெள்ளம் வந்து ஊர் துண்டுபட்டுப் போனால் நோயாளியை ஏற்ற வருவதும் அதுதான். ஸ்ட்ரெச்சரில் கிடக்கப்போகிறவர் எங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். இதையெல்லாம் நின்று விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. "சம்பளத்துக்குத் தைக்கிறம்" என்று சொல்லிவிட்டு நடந்து விடுவேன்.

எங்களிடம் தைப்பவர்களில் கைசுத்தமான தையல் ஓட்டமாவடி ராத்தாவுடையது. என்னைவிட மூத்தவர். முஸ்லிம் பெண்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். விடிந்ததும் பொலன்னறுவைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் வந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பட்டியையும் ஊசிக்குக் கீழே வைக்கும்போது பிஸ்மி சொல்லி, இறைவன் பேரில்தான் தொடங்குவார். சரக்கு வலைக்கும் சொல்லுவார். "ராத்தா, அதுல ஏறப்போறது அரிசி மூட்டை" என்று நான் சீண்டினால், "அரிசியும் விழுந்தாக் கொட்டுமே மனே" என்பார். ஆணோ பெண்ணோ, இளையவர்கள் எல்லோரும் அவருக்கு மனேதான். மத்தியானம் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் பாதி எங்களுக்குத்தான் போகும். எனக்குக் கொஞ்சம் கூடவே போகும், ஏனென்றால் நான் கேட்டு வாங்குவேன்.

அவருடைய மூத்த மகனைப் பற்றி ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே சொன்னார். தவழத் தொடங்கியிருந்த பிள்ளை. வீட்டுக் கூரை வளையில் ஏணை, அதுதான் சீலைத் தொட்டில், கட்டி அதில் படுக்கப் போட்டுவிட்டு ராத்தா சமைக்கக் குசினிக்குப் போயிருக்கிறார். ஏணைச் சீலை கிழிந்து பிள்ளை சீமெந்து நிலத்தில் விழுந்துவிட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

"சீலை கிழிஞ்சித்து மனே. கயிறு போற மடிப்ப நான்தான் தெச்சன். என்ட தையல் காணல்ல" என்றார்.

போதாமல் போவதை நாங்கள் காணாது என்றுதான் சொல்லுவோம். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். ராத்தா மட்டும் மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. புருசன் படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு அந்த வீட்டை எழுப்பியது ராத்தாவின் மெஷின்தான். மகள் இப்போது அந்த வீட்டில் இருக்கிறாள்.

போன மாரிக்கு முன்னால் எங்களுக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. ஸ்ட்ரெச்சரில் நோயாளியைக் கட்டும் பட்டி. பழைய பட்டிகள் மாட்டுக் கயிறுபோலத் தடித்தவை. இது மெல்லியது, பாரம் குறைந்தது, ஆனால் தாங்க வேண்டியது கிட்டத்தட்ட அவ்வளவேதான். எங்கள் தையல் தகுதியானது என்று காட்டினால்தான் வேலை எங்களுக்கு. பழைய பட்டிகளின் ஒப்பந்தம் முடிகிற நேரமும் அதுதான், ஆகவே இது கிடைக்காவிட்டால் கதவை மூட வேண்டியதுதான். இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த நாட்களில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் குறைவு.

கொழும்புக் கம்பெனியின் எஞ்சினியர் வந்து பக்கத்தில் நிற்க, நான் முதல் பட்டியை மாட்டினேன். பாதிப் பாரத்திலேயே அறுந்தது. மெஷினில் பட்டி அறும் சத்தம் எனக்குப் பழக்கம். நார் நாராகப் பிய்ந்து கடைசியில் வெடிக்கும். இது அப்படி இல்லை. ஒரேயடியாக, கத்திரியால் வெட்டினமாதிரி நேராகப் போய்விட்டது. எஞ்சினியர் சிங்களவர், நல்ல மனிதர், தெரிந்த தமிழில் மரியாதையாகப் பேசுவார். "மிஸ், இன்னொரு தரம் பார்க்கலாம். அதுக்கு முதல் காரணம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணத்தை அன்று பின்னேரமே கண்டுபிடித்துவிட்டேன். அறுந்த பட்டியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். கம்பெனி தந்த படத்தில் காட்டிய தையல் மேலே ஒழுங்காக இருந்தது. மடிப்புக்குள்ளே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், குறுக்காக இன்னொரு வரி ஓடியிருந்தது. பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டினமாதிரி, அழகான தையல். அது யார் கை என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கேட்டதும் ராத்தா ஒளிக்கவில்லை. "ஓம் மனே, நான்தான் போட்டன். எல்லாப் பெல்ட்டுக்கும் போடுவன். ஒரு வரி கூட இரிந்தா நல்லதானே" என்றார். பழைய தடித்த பட்டிகளில் அவர் அத்தனை காலமும் போட்ட வரியின் பிழையைத் தடிப்பு மறைத்திருக்கிறது. மெல்லிய பட்டியில் அது மறையவில்லை.

"இனிப் போடாதிங்க ராத்தா. படத்தில உள்ளத மட்டும் தையுங்க."

"சரி."

அவ்வளவு லேசாக அவர் சரி சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டாம் சோதனைக்கு முன்னால், எதற்கும் பார்ப்போம் என்று அவர் தைத்த ஒரு பட்டியைத் தனியாக மாட்டினேன். மறுபடியும் அதே இடத்தில், அதே நேர்கோட்டில் அறுந்தது. மடிப்பைப் பிரித்தால் உள்ளே அதே வரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே அவருடைய மெஷினடிக்குப் போனேன். "ராத்தா, உங்களுக்கு என்ன பிடிச்சிரிக்கு? இத்தனை பேர்ட சோத்துல மண்ணள்ளிப் போடப் போறீங்களா?" என்றேன். எல்லா மெஷினும் நின்றன.

ராத்தா ஊசியை உயர்த்தி, துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கை கேக்குதில்ல மனே. காயப்பட்ட ஆள் கிடக்கப்போற இடம். இவ்வளவோட விட்டுட்டு எழும்ப ஏலாமக் கிடக்கு. கூடப் போட்டா என்ன குறையுது எண்டு சொல்லு, விட்டுர்றன்."

எனக்கு அது தெரியும். அதைச் சொல்லத்தானே எனக்குச் சம்பளம். வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் ஒரு மத்தியானம் சொன்ன ஏணை நினைவுக்கு வந்தது. கயிறு போகும் மடிப்பை நான்தான் தைத்தேன் என்றாரே. எத்தனை வரி போட்டிருப்பார்? திறந்த வாயை மூடிக்கொண்டு, "அது சட்டம் ராத்தா, மேலிடத்துச் சட்டம்" என்று எதையோ உளறிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ராத்தாவைத் தையலிலிருந்து எடுத்து, நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டால் என்ன என்று பார்த்தேன். எல்லாப் பெண்களிலும் அந்தப் பட்டியைப் பிசகாமல் வேகமாகத் தைக்க வல்ல கை அவருடையதுதான். அதுவும் போக, காரணம் சொல்லாமல் மேசையை மாற்றினால் அவருடைய ரோசம் தாங்காது, வீட்டோடு நின்றுவிடுவார். சொன்னாலோ, அவர் அத்தனை வருசமாக நம்பிவந்த ஒன்றை நான் என் வாயால் உடைக்க வேண்டும். தையல் குறைந்ததால் பிள்ளை போனது என்று நினைத்துத்தான் அவர் ஒவ்வொரு பட்டியிலும் ஒரு வரியைக் கூடப் போட்டு வருகிறார். அந்த வரிதான் அவருக்கு ஆறுதல். ஆண்டவனே, இந்த மனிசியிடம் போய் நான் என்னத்தைச் சொல்லுவது என்று பஸ்ஸில் இருந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் சளித் தடிமனா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

சொல்லாமல் தப்பியிருப்பேன். தப்ப விட்டிருந்தால்தானே. ஒரு மத்தியானம் ராத்தா சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மகள் வயிற்றில் பிள்ளை இருப்பது எங்களுக்குத் தெரியும். இன்னும் சில நாளில் பிறக்கும். பொட்டலத்துக்குள் இருந்தது வெள்ளைச் சீலையில் தைத்த ஓர் ஏணை. இரண்டு தலைப்பிலும் கயிறு கோக்கும் மடிப்பு. மடிப்பில் குறுக்காக, பொடிப்பொடியாக, வரிக்கு மேல் வரி.

"இந்தமுற காணும் என்ன மனே?" என்றார்.

அந்த ஏணையை நான் கையில் வாங்கவில்லை. எழும்பி அவருடைய கையைப் பிடித்து இழுவை மெஷினடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பட்டிகளை எடுத்தேன். ஒன்று இன்னொரு பெண் படத்தில் உள்ளபடி தைத்தது, மற்றது ராத்தாவுடையது. முதலாவதை மாட்டி இழுத்தேன். மெஷினின் அளவு முள் ஏறி ஏறி, தாங்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய், பிறகுதான் நார் நாராகப் பிய்ந்தது. ராத்தாவின் பட்டியை மாட்டினேன். பாதிக் கோட்டில் டப்பென்று போனது. அறுந்த முனையை அவருடைய கையில் கொடுத்தேன்.

"பாருங்க ராத்தா. நூல் அறல்ல. நூல் அப்பிடியே கிடக்கு. பெல்ட்டுத்தான் அறுந்திரிக்கு. ஊசி போற இடமெல்லாம் ஓட்டை. கிட்டக்கிட்டக் குறுக்கால ஓட்டை விழுந்தா, கலண்டர்த் தாளக் கிழிக்கிறமாதிரி அந்தக் கோட்டோட கிழிஞ்சி போயிரும். தையல் கூடக் கூட அந்த இடம் நலிஞ்சி போகும்."

அவர் அந்த முனையை விரலால் தடவிக்கொண்டே நின்றார். தலையைத் தூக்கவில்லை.

"சீலைக்கும் இதுதானா?"

சோதித்துப் பார்க்காத எதற்கும் நான் முடிவு சொல்வதில்லை என்பது நினைவுக்கு வர, அதைப் பிடித்துக்கொண்டேன். "அந்தச் சீலைய நான் பார்க்கல்லயே ராத்தா. பழஞ்சீலையா இரிந்திரிக்கலாம். கயிறு உரசி இத்துப் போயிரிக்கலாம்" என்றேன்.

"நான் பார்த்தன்" என்றார். "தையலோட நேரா கிழிஞ்சிரிந்திச்சி."

ராத்தா தணிந்த குரலில், யாருக்கோ கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "மூணு வரி போட்டன் மனே. மூத்த புள்ள எண்டு. ஒரு வரி காணும், எழும்பு எண்டு என்ட உம்மா சொன்னா. நான்தான் கேக்கல்ல."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். அவர் அழவில்லை. என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அறுந்த முனையை மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார். வெள்ளை ஏணை என் மேசையிலேயே கிடந்தது.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் எடுத்தால் மகள்தான் பேசினாள். "உம்மா படுத்திரிக்கா" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாமல். எஞ்சினியர் வரும் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை; வேலை போகப் போகிறதென்ற கோபமா, ராத்தாவை நான் அப்படி நிறுத்தி வைத்துக் காட்டிய கோபமா, எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் இல்லை. சொன்னது சரிதான். ஒரு பிள்ளை அந்த ஏணையில் கிடக்கப் போகிறது, நோயாளிகள் அந்தப் பட்டியில் கிடக்கப் போகிறார்கள், சொல்லாமல் விட முடியாது. எத்தனை தரம் இதைச் சொல்லிக்கொண்டாலும் எனக்கு ஆறவில்லை.

பிறகு ஒரு காலையில் நான் உள்ளே போனபோது ராத்தா தன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. என்னைக் கண்டதும், "மகளுக்கு மகன் கிடைச்சிரிக்கான்" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஏணையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். "தையல் ஒண்டும் இல்லாம முழுச் சாரிய முடிஞ்சி விட்டிரிக்கன். இரிந்தாலும் கிட்ட இரிந்து கயித்தப் பிடிச்சிக்கிட்டே இரிக்கன். மகள் ஏசுறா."

அன்றைக்கு அவர் தைத்ததைத் தூரத்தில் நின்று பார்த்தேன். பிஸ்மி சொன்னார். படத்தில் உள்ள கோட்டில் ஊசி போனது. முடியும் இடம் வந்தபோது கால் ஒரு கணம் மிதியில் தயங்கியது. துணியைத் திருப்பப் போன கை நின்றது. பிறகு நூலை வெட்டினார். ஒவ்வொரு பட்டியிலும் அதே தயக்கம், அதே வெட்டு. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன்.

எஞ்சினியர் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பட்டி ராத்தாவுடையதாகவே அமைந்துவிட்டது. முள் ஏறியது. பாதிக் கோட்டைத் தாண்டியது. தாங்க வேண்டிய கோட்டைத் தாண்டியது. அதற்கப்பாலும் போய், தையலுக்கு ஒன்றும் ஆகாமல், பட்டியின் நடுப்பக்கம் பிய்ந்து வெடித்தது. எஞ்சினியர் சிரித்துக்கொண்டு என் கையைக் குலுக்கினார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்தார்கள். யாரோ ஒருத்தி பால் விடாத பிளேன்டிக்குத் தண்ணீர் வைக்க ஓடினாள்.

ராத்தா மெஷினடிக்கு வந்தார். அறுந்த பட்டியை எடுத்து, பிய்ந்த இடத்தை விட்டுவிட்டு, தையல் இருந்த முனையை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் உள்ள அளவு தையல், அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இவ்வளவு காணுமா மனே?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா, காணும்."

"அண்டைக்கு உம்மாவும் இதத்தான் சொன்னா" என்றார்.